தீபம் முடியட்டும் என்று சொன்ன நாட்கள்

முதன்முதலில் ரத்தத்தைப் பார்த்தபோது நான் செய்த காரியம், கழிவறை விளக்கை அணைத்ததுதான்.

பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். காலை ஆறு மணி. வெள்ளைப் பீங்கானில் சிவப்பாகத் தெரிந்ததும் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. இருட்டிலேயே தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்து, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். முந்தின நாள் பீட்ரூட் சமைத்தோமா என்று யோசித்துப் பார்த்தேன். சமைத்தது கத்தரிக்காய். மறுநாளிலிருந்து விளக்கைப் போடாமலே போக ஆரம்பித்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது அப்படி இருட்டில் உட்கார்ந்திருந்தால், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தைரியம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் சரியான பயந்தாங்கொள்ளி. என் பயம் என்னை என்னவெல்லாம் செய்ய வைத்தது, எதையெல்லாம் செய்யவிடாமல் தடுத்தது என்று மட்டும் சொல்கிறேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிட வேண்டும். கூத்தே அதில்தான் இருக்கிறது. நான் திருவண்ணாமலையில் கோச்சிங் செய்கிறேன். இப்படிச் சொன்னதும் எத்தனாம் வகுப்புக்கு என்று கேட்பார்கள். நான் பாடம் எடுப்பவள் இல்லை. தையலகம், மெஸ், வாடகை அறைகள் என்று சிறிய அளவில் தொழில் நடத்தும் பெண்களோடு உட்கார்ந்து பேசுவேன். அறிவுரை சொல்ல மாட்டேன், கேள்விதான் கேட்பேன். கேட்கக் கேட்க, செய்ய வேண்டியது என்ன என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

தெரிந்தபின் செய்ய வேண்டுமே, அங்கேதான் எல்லாம் நிற்கும். மனம்விட்டுப் பேசியதும் நெஞ்சு லேசாகிவிடும். லேசானதையே வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த வாரமும் அதே பேச்சு. அதனால் எழுந்திருக்கும் முன் அவர்களிடம் நான் சில பதில்களைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்: என்ன காரியம், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, முடித்ததும் யாருக்குப் போன். பதில் வராமல் விட மாட்டேன். கலாக்காவிடம் மாட்டினால் போலீஸ் ஸ்டேஷன் போலத்தான் என்று எனக்குப் பெயர் உண்டு.

எங்கள் ஊரில் இதிலிருந்து நழுவ ஒரு வழி இருக்கிறது. "தீபம் முடியட்டும்." கார்த்திகை தீபத்துக்கு ஊர் தாங்காத கூட்டம் வரும். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்தச் சில நாட்களில் எந்த வேலையும் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் பெண் பார்ப்பது, வீட்டுக்கு வெள்ளை அடிப்பது, பல் பிடுங்குவது என்று எல்லாவற்றையும் புரட்டாசியிலேயே தீபத்துக்குப் பின்னால் தள்ளி வைத்துவிடுவோம். என்னிடம் வரும் பெண்கள் அதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே மடக்குவேன்.

இப்படி ஊரை மடக்கியவள், ஐந்து மாதம் ரத்தம் போனதை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன்.

சித்திரையில் கணவரிடம் சொன்னேன். அவர் கீழ்பென்னாத்தூரில் பள்ளி ஆசிரியர். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர். காலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வெளிக்குப் போறப்போ ரத்தம் வருதுங்க."

தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். "சூடா இருக்கும். மூலமா இருந்தாலும் இருக்கும். மோர் ஜாஸ்தியா குடி" என்றார்.

நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன். மோர் குடித்தேன்.

பிறகு என்னைப் போலவே கோச்சிங் செய்யும் தோழி ஒருத்தியிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினேன். தொழில் பழக்கம், ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். இந்தப் பயம் எதை நினைவுபடுத்துகிறது என்று கேட்டாள். அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி நாட்களைச் சொன்னேன். நான் அவர் அருகில் போகாமல் வாசற்படியிலேயே நின்றதைச் சொன்னேன். தேம்பித் தேம்பி அழுதேன். எவ்வளவு பெரிய விஷயத்தை இன்று புரிந்துகொண்டோம் என்று இருவருக்கும் தோன்றியது. முகம் கழுவிக்கொண்டு காபி போட்டுக் குடித்தேன். உடம்பே பஞ்சாகிவிட்டது போல இருந்தது.

அதன்பின் ஆறு வாரம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கவில்லை. வயதிலும் தொழிலிலும் நான் மூத்தவள். என்னிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கலாம். நானும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

இதற்குள் வேறு மாற்றங்களும் வந்துவிட்டன. போய்விட்டு வந்தாலும் வயிறு முழுதாகக் காலியாகாதது போலவே இருக்கும். ரவிக்கைகள் தொளதொளத்தன. "இளைச்சிட்டீங்களே, என்ன டயட்டு?" என்று கேட்டார்கள். நடைதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

நடை என்றால் கிரிவலப் பாதைதான். ஷகிலா என்ற பெண்ணோடு எனக்குப் பேச்சு நடப்பது அங்கே. பள்ளிச் சீருடை தைக்கும் சிறிய தையலகம் வைத்திருக்கிறாள். அங்கே மெஷின் சத்தம். வீட்டில் மாமியார் காது. அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் மலையைச் சுற்றிக்கொண்டே பேசுவோம். "எனக்கு சுகரு, உங்களுக்கு சாமி. ரோடு ஒண்ணுதானேக்கா" என்பாள். புர்காவும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக என்னைவிட வேகமாக நடப்பாள்.

அந்த ஆனி மாதச் சனிக்கிழமை, அடி அண்ணாமலை வருவதற்குள் நான் மூன்று முறை கழிவறை தேடி ஓடினேன். கடைசியாக ஒரு டீக்கடைக்காரரின் வீட்டில் கெஞ்சிக் கேட்டுப் போனேன். வெளியே வந்தபோது ஷகிலா கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாக்கா, மூணாவது வாட்டி?"

"வயிறு சரியில்ல."

"எத்தினி நாளா?"

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். ரத்தம், இருட்டு, மோர், அப்பா, அழுகை, நான் புரிந்துகொண்டது எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நல்லா பேசறீங்கக்கா. ஆஸ்பத்திரிக்கு எப்போ போறீங்க?"

"போகணும் ஷகிலா."

"எந்தக் கிழமை?"

"வர்ற வாரம் பார்க்கலாம்."

"பார்க்கலாம்னு நான் சொன்னா நீங்க உடுவீங்களா?"

வா, நடந்துகொண்டே பேசலாம் என்று எழுந்தேன். சுற்று பாதியில் நிற்கிறது. ஆரம்பித்த கிரிவலத்தைப் பாதியில் விட எனக்கு மனம் வராது. இத்தனை வருடத்தில் மழைக்குக்கூட விட்டதில்லை. அதைச் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"மீதியையும் நடந்து முடிச்சீங்கன்னா உங்களுக்கு எல்லாமே முடிஞ்ச மாதிரி ஆயிடும்க்கா. அதான் வேணாம்ன்றேன். உங்க சாமி கோச்சுக்கினா நான் வந்து பேசறேன்."

கையைக் காட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். இத்தனை மாதம் அந்தப் பயத்தை நான் சொற்களுக்குள்ளேயே வைத்திருந்தேன். ஆட்டோவின் ரெக்சின் இருக்கையில் உட்கார்ந்ததும் அது உடம்பில் இறங்கிவிட்டது. பல் கிட்டிக்கொண்டது. ஷகிலா என் கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊரிலேயே ஒரு பெண் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போனோம். சின்ன வயது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஆசனவாயில் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கையுறையைக் கழற்றியபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை மாசமாம்மா?"

"அஞ்சு."

"ஏன் இவ்ளோ லேட்டு?"

"மூலம்னு நினைச்சேன்."

"மூலம் இப்படிக் கெட்டியா இருக்காதும்மா. வேலூர் போயிடுங்க. திங்கட்கிழமையே போங்க."

உங்களில் எத்தனை பேர் அந்தப் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டே தள்ளிப்போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிடம்தான். வலி இல்லை. கூச்சம் அறையை விட்டு வெளியே வருவதற்குள் போய்விடும். பயம்தான் கூடவே வரும்.

வேலூரில் கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். குழாய் உள்ளே போகும் நேரம் மயக்கத்தில் கழிந்துவிடும். அதற்கு முந்தின நாள் லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடிப்பதுதான் கஷ்டம். பிறகு பயாப்ஸி (ஒரு துணுக்குத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது). முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாட்களும் நானும் கணவரும் விடுதி அறையில் எங்கள் மகளின் பிளஸ் டூ படிப்பைப் பற்றி மட்டுமே பேசினோம்.

மலக்குடலில் புற்றுநோய். கட்டி கீழே, ஆசனவாய்க்குச் சற்று மேலே இருந்தது. முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சு, கூடவே மாத்திரையாகக் கீமோ. பிறகு சில வாரம் இடைவெளி விட்டு அறுவைச் சிகிச்சை. மருத்துவர் தாளில் ஒரு படம் வரைந்து காட்டினார். தெற்கத்தி மனிதர், நிதானமாகப் பேசுவார். அவர் பேசியதில் பாதி என் காதில் விழவே இல்லை. என் கண் அவருடைய பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

கதிர்வீச்சை நான் ஒழுங்காக முடித்தேன். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. தினமும் இன்ன நேரம் என்று சீட்டு கொடுத்துவிடுவார்கள். வரவில்லை என்றால் போன் வந்துவிடும். மேசையில் படுக்க வேண்டும். எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவை மூடுவார்கள். இயந்திரம் என்னைச் சுற்றி வரும். அப்போது மட்டும் அப்பாவின் நினைவு வரும். மூன்றாவது வாரத்திலிருந்து சிறுநீர் கழித்தால் எரிச்சல், உட்கார்ந்தால் எரிச்சல். ஆனால் நான்காவது வாரம் ரத்தம் நின்றது.

ரத்தம் நின்றதுதான் எனக்கு ஆபத்தாக முடிந்தது. ஊருக்கு வந்தேன். பசி எடுத்தது. எடை கூடியது. பார்க்கிறவர்கள் எல்லாம் முகம் தெளிந்துவிட்டது என்றார்கள். நன்றாகத்தானே இருக்கிறோம், எதற்கு அறுக்க வேண்டும் என்று மனம் கேட்க ஆரம்பித்தது.

ஐப்பசியில் மறுபடி வேலூர் போனபோது மருத்துவர் ஸ்டோமாவைப் பற்றிச் சொன்னார் (குடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோலுக்கு வெளியே எடுத்து வைக்கும் திறப்பு, மலம் அதன் வழியே ஒட்டுப்பையில் சேரும்). உள்ளே தைத்த இடம் ஆறும்வரை சில மாதங்களுக்கு மட்டும். ஆனால் கட்டி நினைத்ததைவிடக் கீழே இருந்தால், ஆயுளுக்கும் பையோடு இருக்க வேண்டி வரலாம். திறந்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். "அடுத்த வாரமே தேதி கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

"சரிங்க டாக்டர்" என்றேன். அடுத்த மூச்சிலேயே, "தீபம் முடியட்டுமே" என்றேன்.

"அது என்னைக்கு?"

கணவர் கைப்பேசியில் பார்த்து டிசம்பரில் ஒரு தேதியைச் சொன்னார். அவரும் என்னை மறுக்கவில்லை. மருத்துவர் விரல் விட்டு வாரங்களை எண்ணினார்.

"ரொம்பத் தள்ளிப் போகுதும்மா. கதிர்வீச்சு கொடுத்த இடம் நாளாக ஆக இறுகிடும், அறுக்கிறது கஷ்டம். மிச்சம் இருக்கிற கட்டியும் தீபம் வரைக்கும் சும்மா இருக்காது."

"சரிங்க டாக்டர்" என்றேன் மறுபடியும். என் முன்னால் உட்கார்ந்து எத்தனையோ பேர் இதே குரலில் சரிக்கா என்றிருக்கிறார்கள். அந்தச் சரியில் ஒன்றும் இல்லை என்று நான் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். அன்று அதே குரல் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுக்கொண்டே நின்றேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. செத்துப்போவதைவிட அந்தப் பைக்குத்தான் அதிகம் பயந்தேன் என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாற்றம் வரும். பேசிக்கொண்டிருக்கும்போது நிரம்பும். சத்தம் போடும். என் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.

மருத்துவர் வற்புறுத்தவில்லை. ஸ்டோமா செவிலியரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். நடுத்தர வயதுப் பெண். என்னை உட்காரவும் நிற்கவும் குனியவும் வைத்துப் பார்த்தார். பாவாடை நாடா எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டு, அதற்குக் கீழே மடிப்பு விழாத இடமாகப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். நான் என் பயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அப்பா வரைக்கும் போவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் அலமாரியைத் திறந்து ஒரு பையை எடுத்தார்.

"இதைக் கொண்டு போங்க. இந்த வட்டத்து மேல ஒட்டிக்கிட்டு, உள்ள அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி ஊத்திக்கிட்டு, ஒரு நாள் முழுக்க வேலைக்குப் போங்க."

"எனக்கு ரொம்ப பயமா இருக்குது சிஸ்டர். கொஞ்சம் பேசினா..."

"பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. பை ஒட்டறதுக்கும் அதுக்கும் என்ன இருக்கு? நாளைக்கு எத்தனை மணிக்கு ஒட்டுவீங்க?"

"ஒன்பது" என்றேன்.

"ஒட்டிட்டு எனக்கு போன் பண்ணுங்க."

மறுநாள் ஒன்பது மணிக்கு, கண்ணாடி முன் நின்று ஒட்டினேன். முதல் தடவை கோணலாகி ஒரு மூலை எழும்பியது. பிய்த்தால் ஒட்டாது என்று பயந்து, அதை விரலால் அழுத்திக்கொண்டே நின்றேன். சிஸ்டருக்குப் போன் செய்தேன். "சரி, வேலைக்குப் போங்க" என்று வைத்துவிட்டார்.

அன்று ஷகிலாவின் தையலகத்தில் ஆறு பெண்களோடு கூட்டம். புடவைக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தொடையருகே ஆடியது. பிளாஸ்டிக் சரசரவென்றது. படி ஏறும்போது கழன்று விழுந்துவிடும் என்று நினைத்தேன். விழவில்லை. எல்லோரும் என் வயிற்றையே பார்ப்பது போல இருந்தது. யாரும் பார்க்கவில்லை. தரையில் உட்காராமல் நாற்காலி கேட்டேன். ஷகிலா கேள்வி கேட்காமல் கொண்டுவந்து போட்டாள். இரண்டு மணி நேரம் கேள்விகள் கேட்டேன், பதில்கள் வாங்கினேன். வியர்த்துக்கொண்டே இருந்தது, ஆனால் வேலை நடந்தது.

கடைசியாக ஒரு பெண். மெஸ் நடத்துகிறவள். கூட வேலை செய்யும் கொழுந்தனாரோடு ஒரு விஷயம் பேசித் தீர்க்க வேண்டும். எந்தக் கிழமை என்று கேட்டேன்.

"தீபம் முடியட்டும்க்கா" என்றாள்.

மற்றவர்கள் நான் மடக்கப்போவதை எதிர்பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணில் இருந்த பயத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இத்தனை வருடம் அதைச் சோம்பல் என்று நினைத்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன். "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் நின்று மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.

"கிடைக்கிற முதல் தேதியைக் கொடுங்க."

பதினொரு நாள் கழித்து ஒரு புதன்கிழமை கிடைத்தது. உடனே ஷகிலாவுக்குப் போன் செய்தேன். பத்தடி தள்ளி உள்ளேதான் இருந்தாள். "புதன்கிழமை" என்றேன். "சரிக்கா" என்றாள். அந்தச் சரியில் எல்லாம் இருந்தது.

தேதி வாங்கியதும் பயம் குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கூடியது. அதுவரை ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த பயம் இப்போது அந்தப் புதன்கிழமையில் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றக் கிழமைகளில் சாப்பிட முடிந்தது, மகளோடு சண்டை போட முடிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அது போதுமானதாக இருந்தது.

அறுவைச் சிகிச்சை ஐந்து மணி நேரம். கண் விழித்தபோது கையைத்தான் முதலில் வயிற்றுக்குக் கொண்டுபோனேன். பை இருந்தது. திறப்பைப் பார்க்க இரண்டு நாள் ஆனது. கன்னத்தின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக, தானே அசைந்தது. என் உடம்பு தன் பாட்டுக்கு வேலை செய்வதை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. கணவர் முதல் நாள் பார்த்துவிட்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தார். நான்காம் நாள் செவிலியரிடம் கேட்டு அவரே பை மாற்றக் கற்றுக்கொண்டார். என்னைவிடக் கோணல் இல்லாமல் ஒட்டுவார்.

சோதனை முடிவு வந்தது. கட்டி முழுதாக எடுக்கப்பட்டுவிட்டது, பை தற்காலிகம்தான். ஆனால் எடுத்த நிணநீர்க் கணுக்களில் (கிருமிகளையும் கழிவையும் வடிகட்டும் சிறு முடிச்சுகள்) இரண்டில் புற்றுச் செல்கள் போய்ச் சேர்ந்திருந்தன.

"முன்னாடியே வந்திருந்தா போயிருக்காதா டாக்டர்?"

"அதுக்கு இப்போ பதில் சொல்ல முடியாதும்மா" என்றார். பிறகு, "தீபம் முடிஞ்சு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னும் சொல்ல முடியாது" என்றார்.

தீபம் நான் வேலூர் விடுதியில் படுத்திருக்கும்போதே வந்து போனது.

அடுத்து நான்கு மாதம் கீமோ. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரல் நுனியில் கரண்ட் அடித்தது போல இருக்கும். ஃபிரிட்ஜைத் திறக்கக் கையுறை போட்டுக்கொள்வேன். அது முடிந்து, இன்னொரு சின்ன அறுவைச் சிகிச்சையில் குடலை உள்ளே வைத்துத் தைத்தார்கள். பை போனது. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தால், ஆகாது. முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மலக்குடலின் பெரும்பகுதி இல்லாத உடம்பு தேக்கி வைக்காது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் அழைக்கும். ஷகிலாவோடு மறுபடி நடக்கிறேன். கோயில்களும் தீர்த்தங்களும் இருக்கும் அந்தப் பாதையில், எனக்கு இப்போது கழிவறைகள்தான் மனப்பாடம்.

இதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. நெருங்க நெருங்கச் சோறு இறங்காது. ஸ்கேன் முடிவு கைக்கு வரும்வரை வீட்டில் எதற்கும் நாள் குறிக்க மாட்டேன். நல்ல முடிவு வந்தால் மூன்று மாதம் கிடைக்கும். அதில் கடைசி மூன்று வாரத்தைப் பயம் எடுத்துக்கொள்ளும்.

சென்ற முறை நாங்கள் இருவரும் மருத்துவரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன் நான்கு பேர். கணவர் என் ரிப்போர்ட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் கலா" என்றார்.

"என்ன தெரியும்?"

"ரத்தம். தை மாசமே பார்த்துட்டேன். நீ போய்ட்டு வந்த பின்னாடி நான் உள்ள போனேன். தண்ணி சரியா போவாம இருந்துச்சு. பக்கெட்ல எடுத்து ஊத்திட்டு ஸ்கூலுக்குப் போய்ட்டேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நெசமாயிடும்னு இருந்துச்சு."

அந்த ஐந்து மாதங்களையும் நான் ஒருத்தியாகத் தொலைத்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரே வீட்டில், ஒரே கழிவறையில், இரண்டு பேர் அடுத்தடுத்து அதைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த இரண்டு கணுக்கள் நினைவுக்கு வந்தன. அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஸ்கேன் சுத்தமாக இருந்தது. "இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்மா" என்றார் மருத்துவர். நான் தலையாட்டினேன். ஆறு மாதம் யாரும் உள்ளே பார்க்க மாட்டார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவர் இரண்டு முறை தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கவில்லை. போளூர் பஸ் நிலையத்துக்குள் வண்டி நுழைந்தபோது வயிறு அழைத்தது. ஒன்றும் சொல்லாமல் இறங்கி ஓடினேன். திரும்பி வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. பைகளையும் ஃபைலையும் தூக்கிக்கொண்டு அவர் கழிவறைக்கு எதிரே வெயிலில் நின்றிருந்தார்.

"கோவமா?" என்றார்.

"ஆமா."

"ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்."

பைகளைக் கை மாற்றிக்கொண்டார். "எத்தினி நாளைக்கு இருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். நோய் வந்த பிறகு நான் இவர்மேல் இப்படிக் கோபப்பட்டதே இல்லை. பயம் எதற்கும் இடம் வைக்கவில்லை. அழுவதற்கும் மன்னிப்பதற்கும் அவசரப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், நாளை இருப்போமோ மாட்டோமோ என்று.

"தெரியல. ஆறு மாசம் குடுத்திருக்காங்க இல்ல" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கப் போகவில்லை. திருவண்ணாமலை பஸ் ஒன்று வந்து நின்றது. நிற்கவும் இடமில்லாத கூட்டம். அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.